பழவற்றலின் விஞ்ஞானம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில், கீழ்பென்னாத்தூரையும் அதை அடுத்த கிராமங்களையும் கோடைக்காலத்தில் கடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கவனியாமல் போக முடியாது. களங்களிலும், களம் போதாத இடங்களில் தார்ச்சாலையின் ஓரங்களிலும் நெல்லும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் பரப்பப்பட்டிருக்க, மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகளின் மீதும் முறங்களின் மீதும் மாங்காய்த் துண்டுகளும் கொத்தவரங்காயும் மோர் மிளகாயும் கூழ் வடாமும் சித்திரை வெயிலில் சுருங்கிக்கொண்டிருக்கும். ஆண்டு முழுவதற்குமான உணவை இரண்டு மாத வெயிலில் சேமித்துவிடும் இந்த ஏற்பாடு பரம்பரையாக வந்தது. எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படாதது. ஆயினும் பௌதிகமும் ரசாயனமும் உயிரியலும் ஒருங்கே சம்பந்தப்பட்ட காரியம் அது.

இக்காரியத்தைச் சூரியனின் சூடே செய்து முடிக்கிறது என்பது நம்மில் பலருடைய அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்துடன் மின்சார ஓவன் ஒன்றை வாங்கி, வெயிலைப்போல் மூன்று மடங்கு சூடு இதில் கிடைப்பதால் மூன்று நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும் என்று கருதி, மாம்பழத் துண்டுகளை 150 டிகிரியில் வைத்துக் கதவைச் சாத்திவிடுபவருக்குக் கிடைப்பது வற்றலன்று. ஓரம் கருகி, உள்ளே வெந்து குழைந்து, தன் நீரிலேயே மிதக்கும் ஒரு பதார்த்தந்தான். சமைப்பது வேறு, உலர்த்துவது வேறு. சமையலுக்கு உஷ்ணமே பிரதானம். உலர்த்தலுக்கோ காற்றே பிரதானம், உஷ்ணம் அதற்குத் துணை. இந்த ஓர் உண்மையை மனத்தில் வாங்கிக்கொண்டவர்கள், ஐப்பசி மழையில் வானம் மூடிக் கிடக்கும்போதும், சமையலறை மூலையில் இருக்கும் ஓவனைக்கொண்டு கொய்யாவையும் வாழைப்பழத்தையும் பப்பாளியையும் நல்ல வற்றலாக்கிவிடலாம்.

முதலில், உலர்ந்த பழம் ஏன் கெடுவதில்லை என்பதைப் பார்ப்போம். உணவைக் கெடுப்பவை பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை ஆகிய நுண்ணுயிர்கள். அவற்றிற்கும் நம்மைப்போலவே தண்ணீர் வேண்டும். ஆனால் ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் பிறர் எடுத்துக்கொள்ளும்படி சுதந்திரமாக இருக்கிறது என்பதே முக்கியம். இக்கருத்தை நுண்ணுயிர்களைக்கொண்டு 1950-களில் நிலைநாட்டியவர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் என்னும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர். சுத்தமான நீருக்கு 1 என்றும், அறவே வறண்ட பொருளுக்குப் பூஜ்யம் என்றும் வைத்துக் கணக்கிடப்படும் இந்த 'நீர்ச்செயற்பாடு' 0.90-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை, 0.80-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் அடங்கிவிடுகின்றன, 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருக இயலாது. சர்க்கரையும் உப்பும் தண்ணீரின் அணுத்திரள்களைத் தம்மோடு பற்றி வைத்துக்கொள்ளும் சுபாவம் உடையவை. ஆகவேதான் ஊறுகாயில் உப்பும், தேன் நெல்லியில் தேனும் காவலாக நிற்கின்றன. பழத்திலோ சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. நீர் வெளியேற வெளியேற, எஞ்சிய நீரைச் சர்க்கரை மேலும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. திராட்சை வற்றலில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குமேல் ஈரம் இருந்தும், தொட்டால் மெத்தென்று இருந்தும், அது மாதக்கணக்கில் கெடாதிருப்பதன் ரகசியம் இதுவே.

கீழ்பென்னாத்தூர் விவசாயிக்கு இங்கே ஒரு கேள்வி எழக்கூடும். மல்லாட்டையை நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரத்துக்குமேல் விடாமல் காயவைக்க வேண்டும் என்று வேளாண்மை அதிகாரிகள் வற்புறுத்துகிறார்களே. பழத்துக்குப் பதினைந்து, இருபது என்று தாராளமாக அனுமதித்துவிட்டு, கடலைக்கு மட்டும் ஏன் இத்தனைக் கண்டிப்பு? விடை கடலையின் எண்ணெயில் இருக்கிறது. பருப்பில் ஏறக்குறையச் சரிபாதி எண்ணெய். எண்ணெய் நீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை. ஆகையால் இருக்கும் ஈரம் முழுவதும் எஞ்சிய பாதியிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. எண்ணெயை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் அந்த எட்டு, பதினைந்தாகிவிடுகிறது. மேலும், அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கப் பழத்தில் உள்ள அளவுக்குச் சர்க்கரை அங்கு இல்லை. ஈரம் மிகுந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை பற்றி, அஃப்லடாக்சின் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டதைத் தொடர்ந்தே இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. காய்ந்த காயைக் காதருகே ஆட்டி, உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டு மூட்டை கட்டும் பெரியவர், ஸ்காட்டின் கணக்கை அறியாவிட்டாலும் அதன் கருத்தை அறிந்தவரே.

இனி, பழத்திலுள்ள நீரை வெளியேற்றும் காற்றின் காரியத்தைக் கவனிப்போம். ஒரு பொருளின் மேற்பரப்பிலுள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் சூழ்ந்துள்ள காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் உண்டோ, அந்த அளவுக்கே நீர் ஆவியாகும் என்று ஜான் டால்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1802-ஆம் ஆண்டு வாக்கில் கண்டறிந்தார். காற்றில் இடம் இருந்தால்தான் நீர் ஏறும். இடம் நிரம்பிவிட்டால், எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் ஏறாது. அந்த இடமோ உஷ்ணத்தைப் பொறுத்தது. 25 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியையே தாங்கும். 40 டிகிரியில் 51 கிராமைத் தாங்கும். 60 டிகிரியிலோ 130 கிராமைத் தாங்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரிச் சூட்டில், தாங்கக்கூடியதில் நூற்றுக்கு முப்பது பங்கே நிரம்பிய காற்றில், ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் இடம் காலியாக இருக்கிறது. கார்த்திகை மாதத்தில், அண்ணாமலையார் தீபத்தை ஒட்டி அடைமழை பெய்யும் நாளில், 25 டிகிரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பிய காற்றில் இருக்கும் இடமோ இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அன்று மாடியில் எதைப் பரப்பினாலும் அது காய்வதற்குப் பதிலாகப் பூஞ்சை பூப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அதே மழைநாளின் காற்றை எடுத்து 60 டிகிரிக்குச் சூடேற்றினால், அதிலிருந்து ஒரு துளி நீரையும் நீக்காமலேயே, அது தாங்கக்கூடியதில் நூற்றுக்குப் பதினான்கு பங்கே நிரம்பிய வறண்ட காற்றாகிவிடுகிறது. அப்போது ஒரு கனமீட்டரில் சுமார் 110 கிராமுக்கு இடம் உண்டாகிறது. அதாவது, சித்திரை நண்பகலின் காற்றைப்போல் மும்மடங்கு தாகமுடைய காற்று மழைநாளில் நம் சமையலறையில் தயாராகிறது. ஓவனின் உண்மையான பயன் இதுதான். பழத்தைச் சுடுவதற்காக நாம் அதை மூட்டுவதில்லை. காற்றைத் தாகமாக்குவதற்காக மூட்டுகிறோம்.

இதிலிருந்தே அடுத்த விதி பிறக்கிறது. வீடுகளில் வழங்கும் சிறிய ஓவனின் உட்பரிமாணம் 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள காற்று 60 டிகிரியில் நிரம்பும்வரை குடித்தாலும் மூன்று கிராமுக்குச் சற்று அதிகமான நீரையே குடிக்கும். தோலும் கொட்டையும் நீக்கிய ஒரு கிலோ மாம்பழத் துண்டுகளில் சுமார் 830 கிராம் நீர் இருக்கிறது; அதில் 800 கிராம் வெளியேறினால்தான் வற்றல். ஆகவே ஓவனுக்குள் இருக்கும் காற்று முழுவதும் இருநூறு தடவைக்குமேல் வெளியேறிப் புதுக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எட்டு மணி நேரத்தில் இவ்வேலை முடிய வேண்டுமானால், இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை காற்று மாற வேண்டும் என்று கணக்காகிறது. கதவை இறுக மூடிவிட்டு, இன்னும் காயவில்லையே என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போவது எவ்வளவு வீண் பிரயாசை என்பது இக்கணக்கால் விளங்கும். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டிக் காம்பைச் செருகி இரண்டு விரற்கடை திறந்து வைப்பதும், உள்ளே விசிறி இருந்தால் அதை ஓடவிடுவதும், விசிறி இல்லாவிடில் வெளியே ஒரு சிறு மேசை விசிறியைக் கதவிடுக்கை நோக்கி வைப்பதும், இருபது டிகிரி சூட்டைக் கூட்டுவதைவிட அதிகப் பயன் தருவன.

ஆப்கானிஸ்தானத்தில் திராட்சையை உலர்த்துபவர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். சுவரெங்கும் துளைகள் விட்டுக் கட்டிய மண் வீடுகளுக்குள், வெயிலே படாத நிழலில், குலைகளைத் தொங்கவிட்டு, துளைகளின் வழியே புகுந்து செல்லும் பாலைக்காற்றைக்கொண்டு பச்சைத் திராட்சையின் நிறம் மாறாமல் அவர்கள் வற்றலாக்குகின்றனர். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலும் நிழற்கொட்டகைகளில் வலைகளின்மீது பரப்பித்தான் திராட்சை உலர்த்தப்படுகிறது. வெயிலின் நேரடி ஒளி நிறத்தையும் கரோட்டின் போன்ற சத்துக்களையும் சிதைக்கும். காற்றோ நீரை மட்டும் கொண்டுபோகும். திருவண்ணாமலைப் பகுதியில் ஆடிக்காற்று வீசும் நாட்களில், வெயில் தணிந்திருந்தும் துணியும் தானியமும் விரைந்து காய்வதை எல்லோரும் பிரத்தியட்சமாகக் காணலாம்.

காற்றின் பங்கை இவ்வாறு அறிந்த பிறகு, பழத்தின் உள்ளே நடப்பதையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உலர்தல் இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் துண்டின் மேற்பரப்பு நனைந்தே இருக்கிறது. அங்கிருந்து ஆவியாகும் நீர் தன்னோடு உஷ்ணத்தையும் எடுத்துச் செல்வதால், மண்பானைத் தண்ணீர் கோடையில் குளிர்ந்திருப்பதைப்போல, 60 டிகிரிக் காற்றில் இருக்கும் பழத்துண்டு அவ்வளவு சூடாகாமல், 40 டிகிரியைக்கூட எட்டாமல் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. இரண்டாம் கட்டத்தில் மேற்பரப்பு வறண்டுவிடுகிறது. இனி, நடுவிலுள்ள நீர் திசுக்களின் சந்துகள் வழியே மெல்ல ஊர்ந்து மேலே வந்துதான் காற்றை அடைய வேண்டும். அப்பிரயாணத்துக்கு ஆகும் காலம் தடிமனின் வர்க்கத்துக்கேற்பக் கூடும்; துண்டின் கனம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டருக்கு மிகாமல், எல்லாத் துண்டுகளும் ஒரே கனமாக நறுக்கப்பட வேண்டும் என்பதன் நியாயம் இதுவே. தொடக்கத்திலேயே கடுஞ்சூட்டில் வைத்துவிட்டால், மேற்பரப்பு அவசரமாகக் காய்ந்து தோல்போல் இறுகி, உள்ளிருக்கும் நீருக்கு வழியை அடைத்துவிடுகிறது. வெளியே கட்டியாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும் அத்தகைய துண்டு, பார்வைக்கு நல்ல வற்றலாகத் தோன்றிச் சில நாட்களில் நடுவிலிருந்து புளித்துக் கெடும்.

யாழ்ப்பாணத்தார் பனாட்டுச் செய்யும் விதத்தில் இந்தத் தடிமனின் விதி அழகாகப் பிரயோகிக்கப்பட்டிருக்கிறது. பனம்பழத்தைப் பிசைந்தெடுத்த களியைப் பந்தலின்மேல் விரித்த பாயில் ஒரேயடியாகக் கனமாக ஊற்றாமல், மெல்லிய பூச்சாக ஊற்றி, அது காய்ந்தபின் அதன்மேல் மற்றொரு பூச்சாக ஊற்றிக்கொண்டே போகிறார்கள். ஆந்திரத்தில் கோதாவரிப் பிரதேசத்து ஆத்ரேயபுரத்தில் மாம்பழச் சாற்றைக்கொண்டு செய்யும் தாண்ட்ராவும் இதே யுக்தியால் உருவாவதே. மும்பைக்கு வடக்கேயுள்ள வசாயில் ராஜேளி என்னும் வாழைப்பழத்தை உரித்து, நறுக்காமலே உலர்த்திச் சுகேளி என்று விற்கிறார்கள். முழுப் பழமாதலால் அதற்குப் பல நாள் வெயில் வேண்டியிருக்கிறது.

இவ்விதிகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாம்பழமானால் அழுகாத, நார் குறைந்த, கையால் அழுத்தினால் சற்றே அமுங்கும் பக்குவத்தில் உள்ளதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மிகக் கனிந்தது துண்டாக நிற்காது, அதைக் கூழாக்கித் தட்டில் ஊற்றித் தாண்ட்ராபோல் காயவைப்பதே தகும். வாழைப்பழத்தையும் கொய்யாவையும் நறுக்கியவுடன், ஒரு தம்ளர் நீருக்கு ஒரு மூடி எலுமிச்சை பிழிந்த கரைசலில் சில நிமிஷம் போட்டெடுக்க வேண்டும். நறுக்கிய பழம் கறுப்பதற்குக் காரணம், அதன் திசுக்களிலுள்ள என்சைம் ஒன்று காற்றின் பிராணவாயுவைக்கொண்டு பீனால் பொருள்களை மாற்றுவதே. எலுமிச்சையின் புளிப்பு அந்த என்சைமை முடக்கிவிடுகிறது. கடைகளில் விற்கும் உலர்பழங்கள் பளபளவென்று நிறம் மங்காமல் இருப்பதற்கு வேறொரு காரணம் கந்தகப் புகையாகும். அது ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லையாதலால், வீட்டில் எலுமிச்சையே போதும்.

துண்டுகளை ஒன்றன்மேலொன்று படாமல் கம்பித் தட்டின்மேல் அடுக்கி, 55 முதல் 65 டிகிரிக்குள் காற்று இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் ஓவன்கள் பலவற்றில் குமிழின் முதல் எண்ணே நூறாக இருப்பதுண்டு. அப்படியாயின், குமிழை மிகக் குறைந்த இடத்தில் வைத்து, கதவைச் சற்று அதிகமாகத் திறந்து, தட்டின் மட்டத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குமிழ் காட்டும் எண்ணை நம்புவதைவிடத் தெர்மாமீட்டரை நம்புவது நலம். 80 டிகிரிக்குமேல் போகவிட்டால், பழச்சர்க்கரையும் புரதக்கூறுகளும் சேர்ந்து பழுப்பேறும் கிரியை வேகமடைகிறது. 1912-இல் பிரான்ஸ் தேசத்து லூயி கமில் மையார் எடுத்துரைத்த இக்கிரியை, ரொட்டியின் மேலோட்டுக்கு மணம் தந்தாலும் மாம்பழத்தின் இயல்பான வாசனையைக் கெடுத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டுகளைத் திருப்பி, தட்டுகளை மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டிருந்தால், ஆறு முதல் பத்து மணி நேரத்துக்குள் பெரும்பாலான பழங்கள் பதத்துக்கு வந்துவிடும். 1950-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கையாண்ட முறைகளில் ஒன்று, பழத்துண்டுகளை முதலில் கெட்டியான சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நீரின் ஒரு பகுதியைப் பாகே இழுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டு, பிறகு காற்றில் உலர்த்துவது. புளிப்பு மிகுந்த அன்னாசிக்கும் நெல்லிக்கும் இது ஏற்றது; ஆனால் சர்க்கரையும் கூடவே ஏறும்.

இவ்வளவுக்கும் ஆகும் மின்சாரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பது நியாயம். ஒரு கிராம் நீரை 60 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 563 கலோரி வெப்பம் தேவை. 800 கிராமுக்கு நாலரை லட்சம் கலோரி. மின்சாரக் கணக்கில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சக் கூலி. நடைமுறையில் ஓவனின் சுவர் வழியாகவும் திறந்த கதவு வழியாகவும் வீணாகும் உஷ்ணத்தைச் சேர்த்தால் செலவு பல மடங்காகிறது. இதே அரை யூனிட்டையும் அதற்கு மேலும் சித்திரை வைகாசியில் சூரியன் கீழ்பென்னாத்தூர் மாடிகளில் இலவசமாகக் கொட்டிக்கொண்டிருக்கையில், அம்மாதங்களில் ஓவனை மூட்டுவது விவேகமாகாது. ஈக்கும் தூசிக்கும் காப்பாக மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிக் காற்றோட்டமுள்ள உயரத்தில் தட்டுகளை வைத்தால் அதுவே போதும். மழைக்காலத்துக் கொய்யாவுக்கும், வெயில் கைவிட்ட நாளில் பாதி காய்ந்து நிற்கும் மாங்காய்க்கும், அடுக்ககத்தில் மாடியில்லாமல் வாழ்வோருக்குமே ஓவன் அனுகூலமானது.

பழவற்றலைக் குழந்தைகளுக்குக் கொடுப்போர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். உலர்த்துவதால் நீர்தான் போகிறது, சர்க்கரை போவதில்லை. 100 கிராம் மாம்பழ வற்றலில் ஏறக்குறைய அரைக் கிலோ பழத்தின் சர்க்கரை அடங்கியிருக்கிறது. நார்ச்சத்தும் தாதுப்பொருள்களும் தங்கிவிடுகின்றன. வைட்டமின் சி-யின் பெரும்பகுதி காற்றிலும் சூட்டிலும் அழிந்துவிடுகிறது. ஆகவே வற்றல் பழத்துக்குத் துணையே தவிர, பழத்துக்கு ஈடாகாது.

ஓவனிலிருந்து எடுத்தவுடன் டப்பாவில் அடைத்துவிடுவது பலர் செய்வது, அது கூடாது. ஒரே தட்டில் காய்ந்த துண்டுகளிலும் சில அதிகம் காய்ந்தும் சில குறைவாகக் காய்ந்தும் இருக்கும். நன்கு ஆறியபின் கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்குக்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கி வைத்தால், ஈரமான துண்டிலிருந்து வறண்ட துண்டுக்கு நீர் பரவி எல்லாம் சமநிலை அடையும். அதற்கிடையில் ஜாடியின் உட்சுவரில் ஆவித்துளி கண்டால், உள்ளே சுதந்திரமான நீர் இன்னும் மிகுந்திருக்கிறது என்று பொருள். தாமதியாமல் மறுபடியும் ஓவனில் வைத்துவிட வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்பதை விரலால் வளைத்துப் பார்த்தே பெரும்பாலோர் தீர்மானிக்கிறார்கள். அனுபவம் முதிர்ந்த விரலுக்கு அது போதும். புதிதாகத் தொடங்குவோர்க்கு அதைவிட நம்பகமான சாதனம் ஒரு சாதாரணச் சமையலறைத் தராசு. நறுக்கிய துண்டுகளை வைக்குமுன் நிறுத்துக்கொள்க. மாம்பழத்தில் ஒரு கிலோவில் 170 கிராமே திடப்பொருள். அது பதினைந்து சதவிகித ஈரத்துடன் இருக்க வேண்டுமானால் மொத்த எடை 200 கிராமாக வேண்டும். நீர் குறைந்த வாழைப்பழத்தில் திடப்பொருள் சுமார் 250 கிராம். அது 300 கிராம் அளவில் நிற்கும். நீர் மிகுந்த பப்பாளியோ 140 கிராமுக்கு இறங்கிவிடும். தட்டின் எடையைக் கழித்து, அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, அந்த அளவுக்கு வந்தவுடன் வெளியே எடுத்துவிடலாம். வெளித்தோற்றம் நம்மை ஏமாற்றலாம், எடை ஏமாற்றாது. ஓவன் எந்தக் கம்பெனியுடையது, அதில் எத்தனைப் பொத்தான்கள் என்பவையெல்லாம் இக்காரியத்துக்கு அற்ப விஷயங்கள். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு தராசும் கதவிடுக்கில் செருக ஒரு மரக்கரண்டியும் வைத்திருப்பவருக்கு, வானம் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் வற்றல் தவறாது.